கற்படுக்கைகளும் பெருவழிகளும்

மலேசியத் தமிழர் தாயகம் செல்லும்போது காண விழைவன பெரும்பாலும் கோபுரங்களே. மதுரையில் மீனாட்சியம்மன் திருக்கோயில், தஞ்சையில் பெரிய கோயில், திருச்சியில் மலைக்கோட்டை என அவர்தம் பயண நிரல் புறப்படுவதற்கு முன்னரே முடிவாகிவிடுகிறது. ஜொகூர் மாநிலத்துத் தோட்டங்களுக்கு வந்த முன்னோரில் பலர் திருச்சி, சேலம், மதுரை வட்டாரங்களைச் சேர்ந்தோர். அவர்தம் பேரப்பிள்ளைகளுள் சிலர் குலதெய்வத்தைத் தேடிச் சிற்றூர்களுக்கும் போய்வருகின்றனர். எனினும் அச்சிற்றூர்களை ஒட்டி நிற்கும் வறண்ட பாறைக் குன்றுகளை அவர்கள் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் ஆடு மேயும் மொட்டைப் பாறை என்றெண்ணிக் கடந்துவிடுகின்றனர். தஞ்சைக் கோபுரம் எழுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே, தமிழர் தம் பெயரையும் தொழிலையும் ஊரையும் தம் மொழியில் கல்லில் பொறித்துவைத்த இடங்கள் அக்குன்றுகளே என்பதைப் பயணக் கையேடுகள் எடுத்துச் சொல்வதில்லை.

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் ஒரு பயணி புறப்படுவாராயின், யானை படுத்திருப்பது போன்ற யானைமலையை முதலில் காண்பார். அதனைக் கடந்தால் மாங்குளம், அரிட்டாபட்டி, திருவாதவூர், கீழவளவு, கருங்காலக்குடி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் குன்றூர்கள் வரும். வடக்கே அழகர்மலை. மதுரைக்கு மறுபுறம் திருப்பரங்குன்றம், முத்துப்பட்டி, கொங்கர்புளியங்குளம், விக்கிரமங்கலம். இத்தனை இடங்களிலும் குன்றின் இடுப்பளவில் இயற்கையாக அமைந்த முழைஞ்சுகள் உள்ளன. அவற்றினுள் பாறைத் தரையைச் செதுக்கிச் சமன்செய்து, ஓராள் படுக்கும் அளவில் படுக்கைகள் அமைத்துள்ளனர். தலைப்பக்கம் சற்றே உயர்த்தித் தலையணை போல விடப்பட்டிருக்கும். படுக்கைக்கும் படுக்கைக்கும் இடையே மெல்லிய கோடோ விளிம்போ எல்லை வகுக்கும். சில இடங்களில் மருந்து அரைக்கவோ தானியம் இடிக்கவோ பயன்பட்ட குழிகளும், முகப்பில் கூரைப்பந்தல் இறக்குவதற்குக் கால் நட்ட குழிகளும் காணப்படுகின்றன.

இவற்றுள் மிகவும் வியக்கத்தக்கது முழைஞ்சின் நெற்றியில் வெட்டப்பட்டுள்ள காடி. மேற்பாறையில் விழும் மழைநீர் பாறையின் வளைவைப் பற்றிக்கொண்டு உள்ளே வழிந்துவிடும். அதனைத் தடுக்க, முகப்பின் மேலே நெடுகிலும் புருவம் போல ஒரு பள்ளக்கோடு வெட்டினர். நீர் அவ்விடத்தில் அறுபட்டு வெளியே சொட்டிவிடும். உளியும் சுத்தியலும் தவிர வேறு கருவி வேண்டாத இச்சிறு வேலையே, வெறும் பாறைப் பொந்தினை மனிதர் மழைக்காலம் முழுதும் தங்கத்தக்க உறைவிடமாக மாற்றியது. இக்குகைகளில் பல கல்வெட்டுகள் அக்காடியை ஒட்டியே பொறிக்கப்பட்டுள்ளன.

ஊர் மக்கள் இவற்றைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்கின்றனர். மலைமேல் யாரோ படுத்திருந்தனர் என்ற நினைவு மட்டும் எஞ்சி, யார் என்பது மறந்துபோனபோது, வனவாசம் சென்ற ஐவரை மக்கள் அங்கே குடியேற்றிவிட்டனர் போலும்! உண்மையில் அங்கே உறைந்தோர் துறவிகள், பெரும்பாலோர் சமணர். எல்லாக் குகைகளையும் சமணர்க்கே உரியன எனச் சொல்லிவிட முடியாது என்போரும் உளர். ஆயினும் கரூரை அடுத்த புகளூர்க் கல்வெட்டு 'அமண்ணன்' என்றே வெளிப்படையாகக் கூறுதலின், அங்கேனும் ஐயத்திற்கு இடமில்லை. புதுக்கோட்டைக்கு அருகில் உள்ள சித்தன்னவாசலில் ஏழடிப்பாட்டம் என வழங்கும் குகையில் பதினேழு படுக்கைகள் உள்ளன. அங்குச் செல்வோர் கீழேயுள்ள ஓவியக் கோயிலோடு நின்றுவிடுகின்றனர். அதனினும் பல நூற்றாண்டு மூத்த படுக்கைகள் மேலே கிடக்கின்றன.

இக்குகைகளின் எழுத்து நெடுங்காலம் படிக்கப்படாமலே கிடந்தது. மாங்குளத்துக் கல்வெட்டை இராபர்ட் சீவெல் 1882-இல் கண்டறிந்தார். எழுத்து அசோகர் காலத்துப் பிராமியை ஒத்திருந்தமையால் மொழியும் பாலியாகவோ பிராகிருதமாகவோ இருத்தல் வேண்டும் என அறிஞர் முதலில் கருதினர். அவ்வாறு படித்தபோது பொருள் விளங்கவில்லை. ழகரமும் றகரமும் னகரமும் வடமொழிப் பிராமியில் இல்லாத தனி வடிவங்களுடன் இங்கு வருவதைச் சுட்டிக்காட்டி, இம்மொழி தமிழே என 1924-இல் நிறுவியவர் கே. வி. சுப்பிரமணிய ஐயர். அதன் பின்னர் ஐராவதம் மகாதேவன் குன்றுதோறும் ஏறிக் கல்வெட்டுகளை மீண்டும் படியெடுத்து 1966-இல் ஒரு தொகுப்பும், 2003-இல் விரிவான பெருநூலும் வெளியிட்டார். அவர் இந்திய ஆட்சிப் பணி அலுவலர். கல்வெட்டியலைத் தாமே முயன்று கற்றவர். அலுவலகக் கோப்புகளுக்கிடையே கிடைத்த ஓய்வில் இத்துணைப் பெரும்பணி நடந்தது என்பது ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தி.

மாங்குளத்துக் கல்வெட்டுகள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின என்பது மகாதேவனின் கணிப்பு. கணி நந்தன் என்னும் துறவிக்கு, நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் வழுதி என்பான் உறையுள் அமைத்துக் கொடுத்த செய்தி அங்குள்ளது. பாண்டியன் ஒருவன் பெயர் சங்க நூல்களுக்கு வெளியே, கல்லில், அதுவும் அத்துணைப் பழங்காலத்தில் கிடைத்தபோது தமிழுலகம் மகிழ்ந்ததில் வியப்பில்லை. உடனே இவனைத் தலையாலங்கானத்துச் செருவென்றவன் என்றும், கோவலனைக் கொல்வித்தவன் என்றும் கொள்ள ஆசை எழும். அந்த ஆசைக்குக் கல்வெட்டு இடந்தரவில்லை; நெடுஞ்செழியன் என்ற பெயரை மட்டுமே அது தருகின்றது.

அரசன் பெயரில் ஆழ்ந்துவிட்டோர் அதனருகே உள்ள மற்றொரு சொல்லைப் போதிய அளவு கவனிக்கவில்லை. அதே மாங்குளத்தில், வெள்ளறை என்னும் ஊரின் 'நிகமத்தோர்' கொடை செய்ததாக வருகிறது. நிகமம் என்பது வணிகர் குழு. வெள்ளறை என்பது அருகிலுள்ள வெள்ளரிப்பட்டியே என்பர். அந்நிகமத்தைச் சேர்ந்த ஒருவன் காவிதி என்னும் பட்டம் பெற்றவன். அவன் பெயருடன் வரும் சொல்லுக்கு முத்துக் கண்காணிப்பாளன் என மகாதேவன் பொருள் கண்டார். முத்து விளைவது கொற்கைக் கடலில். அதனைக் கண்காணித்தவன் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதோ கடலினின்று பல நாள் நடைத்தொலைவில் உள்ள ஒரு குன்றில். இவ்விரண்டையும் இணைக்கும் வழி ஒன்று இருந்திருத்தல் வேண்டும். குகைகளைத் தேடி வரும் பயணி அவ்வழியையும் தேடியே ஆகவேண்டும்.

இவ்வுறையுளைக் குறிக்க மாங்குளத்தில் ஆளப்பட்ட சொல் 'பள்ளி' என்பது. படுக்கை, உறங்குமிடம், துறவியர் உறைவிடம் என்ற பொருள்களில் வழங்கிய இச்சொல், துறவியர் கல்வி புகட்டிய இடமாதலின் கல்விச்சாலைக்கும் பெயராயிற்று என அறிஞர் கூறுவர். இசுலாமியர் தொழுமிடமும் பள்ளிவாசலே. ஜொகூரின் தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றின் முகப்பிலும் எழுதப்பட்டுள்ள சொல், இரண்டாயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் மாங்குளத்துப் பாறையில் உளிகொண்டு வெட்டப்பட்ட அதே சொல்தான்.

மாங்குளத்தில் அரசனும் வணிகரும் சேர்ந்து நிற்கின்றனர் எனின், அழகர்மலையில் நிற்போர் பெரும்பாலும் வணிகரும் கைவினைஞருமே. கிடாரிப்பட்டி என்னும் ஊரிலிருந்து ஏறிச் செல்ல வேண்டிய அக்குகையில் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பல சிறு கல்வெட்டுகள் உள்ளன. அவற்றை ஒருசேரப் படிப்பது பழைய மதுரைக் கடைத்தெருவில் ஒருமுறை நடந்துவருவது போன்றது. மதுரைப் பொற்கொல்லன் ஆதன் ஆதன் இருக்கின்றான். உப்பு வணிகன் வியகன் இருக்கின்றான். பாகும் வெல்லமும் விற்கும் பணித வணிகன் நெடுமலன், கலப்பைக் கொழு விற்கும் வணிகன் இளஞ்சந்தன், துணி விற்கும் அறுவை வணிகன் ஒருவன் என வரிசை நீள்கிறது. இவருள் எவரும் காப்பியத் தலைவர் அல்லர். புலவர் எவரும் இவரைப் பாடிப் பரிசில் பெற்றாரில்லை. ஆயினும் பெயர், தொழில், ஊர் ஆகிய மூன்றும் பிழையின்றிப் பதிவு பெற்றுள்ளன.

தொழில்களைச் சற்றே நின்று நோக்குதல் தகும். மதுரையில் உப்பு விளையாது. கீழைக் கடற்கரையிலிருந்து வரவேண்டும். கொழுவிற்கான இரும்பு உருக்கப்பட்ட ஊரிலிருந்து வரவேண்டும். பொன் எங்கிருந்தோ வரவேண்டும். துணியோ பிற நாடுகளுக்குச் செல்வது. ஆகவே இக்கொடையாளர் ஒவ்வொருவரின் பிழைப்பும் ஒரு சாலையை நம்பியிருந்தது. அழகர்மலை அத்தகைய சாலையோரத்தில் நின்ற மலை. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் உறையூரிலிருந்து மதுரை நோக்கி வரும்போது, கொடும்பையில் வழி மூன்றாகப் பிரிவதை மாங்காட்டு மறையோன் விளக்குகின்றான். வலப்பக்க வழி சிறுமலை மருங்கிலும், இடப்பக்க வழி திருமால்குன்றமாகிய அழகர்மலை மருங்கிலும் செல்கின்றன. அவ்விருவருக்கும் வழித்துணையாக வந்த கவுந்தியடிகள் யார்? பள்ளியில் உறைந்த சமணப் பெண் துறவி. வணிகன் மகன், சமணத் துறவி, மதுரைப் பெருவழி ஆகிய மூன்றையும் இளங்கோவடிகள் ஒன்றுசேர்த்தது கற்பனையின் தற்செயல் அன்று. அந்நாளைய சாலைகளில் அன்றாடம் காணக்கூடிய காட்சியே அது.

அச்சாலைகளில் செல்வது எளிதாக இருக்கவில்லை. வணிகர் தனித்துச் செல்லார், கூட்டமாகச் செல்வர். அக்கூட்டத்திற்குச் சாத்து என்பது பெயர். உப்பு வணிகராகிய உமணர் மனைவி மக்களோடு வண்டித் தொடராகச் செல்வர். மேடு பள்ளத்தில் அச்சு முறியுமாதலின் வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிவைப்பர் எனச் சங்கப் பாடல்களால் அறிகிறோம். இன்றைய சரக்குந்து ஓட்டுநர் மாற்றுச் சக்கரம் கொண்டுசெல்வதை இதனோடு ஒப்பிட்டால், முன்னெச்சரிக்கை என்பது புதிய கலை அன்று என்பது விளங்கும். மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்துகளையும், சுங்கம் கொள்ளும் பெருவழிகளில் வில்லேந்திய காவலர் இருந்ததையும் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. காவல் இருந்தது என்றால் கள்வரும் இருந்தனர் என்பதே பொருள். பாலை நிலத்து ஆறலைப்போரைப் பற்றி அகப்பாடல்கள் எத்துணை அஞ்சுகின்றன!

இந்நிலையில் துறவிக்கும் வணிகனுக்கும் இடையே ஓர் உறவு வளர்ந்தது இயல்பே. சமணத் துறவி ஓரிடத்தில் நிலைத்திராமல் நடந்துகொண்டே இருத்தல் வேண்டும். மழைக்காலத்தில் மட்டும், முளைக்கும் பயிரையும் ஊரும் சிற்றுயிரையும் மிதித்துவிடாதபடி ஓரிடத்தில் தங்குவார். அவருக்கு ஊரினின்று சற்றே விலகிய, ஆனால் பிச்சைக்குச் சென்று திரும்பத்தக்க அண்மையில் உள்ள இடம் தேவை. மண்ணை உழுதால் புழு சாகும் என்ற கொள்கை கொண்ட சமயத்தைப் பின்பற்றும் இல்லறத்தார்க்கு வணிகம் உகந்த தொழிலாயிற்று. சாத்துகளுடன் சேர்ந்து நடந்தால் துறவிக்கும் காவல் உண்டு. வணிகனுக்கோ அறத்தின் பயனும், வழியெங்கும் தன்னை அறிந்த நல்லோர் இருக்கின்றனர் என்ற துணிவும் கிட்டின. அரிட்டாபட்டிக் குகைக்குக் கொடை செய்தவருள் ஒருவன் இலஞ்சி என்னும் ஊரினன். அது குற்றாலத்தை அடுத்த இலஞ்சியே என்று கொள்வாராயின், தென்கோடியிலிருந்து மேலூர் வரை அவனை அழைத்துவந்தது என்ன என்ற வினா எழும். அந்தக் கல்வெட்டு குகையை 'முழாகை' எனக் குறிக்கின்றது. முழை, முழைஞ்சு என இலக்கியத்தில் பயில்வதன் உடன்பிறப்பு அச்சொல்.

மதுரை வட்டாரத்தை விட்டு மேற்கே கொங்கு நாட்டுக்குச் சென்றால், பெருவழியின் தடம் இன்னும் தெளிவாகத் தெரிகின்றது. மேலைக்கடல் துறைமுகமாகிய முசிறியில் இறங்கிய சரக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையின் பாலக்காட்டுக் கணவாய் வழியே கீழ்நோக்கி வந்தது. அவ்வழியில் கோவையை அடுத்த வெள்ளலூரில் உரோமானியக் காசுகள் குவியலாகக் கிடைத்துள்ளன. மேலும் கிழக்கே நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என மணிக்கல்லுக்குப் பெயர்பெற்ற ஊர் இதுவே. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அங்கு நடத்திய அகழாய்வுகளில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளும், பச்சைக்கல், சூதுபவளம், பளிங்கு ஆகியவற்றை மணிகளாக்கிய பட்டறைகளும், தமிழ்ப் பிராமி எழுத்துடைய ஏராளமான பானை ஓடுகளும் கிடைத்தன. நிகமம் என்ற சொல் அங்கும் ஓர் ஓட்டில் வருகிறது. அதே வட்டாரத்தில் அரச்சலூர் மலைக் குகையில் இசையெழுத்துகளை வரிசைப்படுத்திப் பொறித்து, அவற்றைப் புணர்த்தவன் மணி வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று கையொப்பமும் இட்டுள்ளனர். வண்ணக்கன் என்பவன் மணியும் காசும் நோட்டம் பார்ப்பவன். மணி நோட்டம் பார்த்தவன் தாளக்கட்டும் அமைத்தான் என்பது மகிழ்ச்சியூட்டும் செய்தியன்றோ!

வழி மேலும் கிழக்கே சென்று கருவூரை அடைகின்றது. அதற்குச் சற்று முன்னர், வேலாயுதம்பாளையத்தில் உள்ள ஆறுநாட்டார் மலையே கல்வெட்டறிஞர் புகளூர் என வழங்கும் இடம். யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் முதிய சமணத் துறவிக்கு, ஆதன் செல்லிரும்பொறையின் பெயரனும் பெருங்கடுங்கோனின் மகனுமாகிய இளங்கடுங்கோ இளவரசனானபோது அங்கே உறையுள் வெட்டிக்கொடுக்கப்பட்டது. மூன்று தலைமுறைச் சேரர் ஒரே கல்வெட்டில் வரிசையாக வருவதால் இது பதிற்றுப்பத்து ஆராய்ச்சிக்குப் பெருந்துணையாயிற்று. ஆனால் அக்குகையிலும் அரசர் தனித்து நிற்கவில்லை. கருவூர்ப் பொன் வணிகன் நத்தியும், எண்ணெய் வணிகன் ஒருவனும், நல்லியூரைச் சேர்ந்த பெண்ணொருத்தியும் தத்தமக்கு இயன்ற கற்படுக்கைகளைச் செய்வித்து அரசகுலத்தாரின் கொடைக்கு அருகிலேயே பெயர் பொறித்துள்ளனர்.

மராட்டிய நாட்டுக் குடைவரைகளைக் கண்டு வந்தோர்க்கு இக்கற்படுக்கைகள் எளியனவாகத் தோன்றலாம். அங்கே தக்காணத்துப் பைத்தானிலிருந்து கடற்கரை நோக்கிச் சென்ற பெருவழி, மலைச்சரிவில் இறங்கும் இடமே நாணேகாட் கணவாய். அதன் முகப்பில் சாதவாகன அரசி நாகனிகையின் கல்வெட்டுடன் ஒரு குகையும், சுங்கக் காசு இட்டதாகக் கருதப்படும் பெரிய கற்சாடியும் உள்ளன. அருகேயுள்ள ஜுன்னாரில் நூற்றுக்கு மேற்பட்ட குகைகள். கார்லேயில் தூண்கள் நிரை நிரையாக நிற்கும் பெருமண்டபத்தைப் பாறையினுள் குடைந்துள்ளனர்; தூண்களில் யவனரும் நறுமணப் பொருள் வணிகனும் தத்தம் பெயரைப் பொறித்துள்ளனர். காரணம் இரண்டு நாட்டிலும் ஒன்றே: சாலையும் சாத்தும் துறவும் ஒருவழிப்பட்டன. அளவுதான் வேறு. மேலை மலைகளின் பாறை அடுக்கு அடுக்காகக் குடைவதற்கு இடந்தருவது. மதுரைக் குன்றுகளோ உளியை முறிக்கும் கருங்கல். அக்கல்லைக் குடைந்து முழுக்கோயில் எடுக்கும் தொழில்நுட்பம் தமிழகத்தில் பல நூற்றாண்டுகள் கழித்தே, பாண்டியரும் பல்லவரும் முனைந்தபோது வந்தது. அதற்கு முன் ஒரு கொழு வணிகனின் கைப்பொருள் வெட்டக்கூடியது ஒரு படுக்கையும் ஒரு வரி எழுத்துமே. அந்த ஒரு வரியைத் தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதுவித்தான் என்பதுதான் தமிழகத்தின் தனிச்சிறப்பு. நாணேகாட்டிலும் கார்லேயிலும் கல்வெட்டு மொழி பிராகிருதம்.

சங்க காலத்திற்குப் பின்னரும் பெருவழிகள் ஓயவில்லை. கோவைக்கருகில் இராசகேசரிப் பெருவழி என்னும் பெயரைத் தாங்கிய கல்வெட்டு உள்ளது. தருமபுரி வட்டாரத்தில் அதியமான் பெருவழிக்குரிய காதக்கற்கள் கிடைத்துள்ளன. நாவற்தாவளம் என்னும் ஊருக்கு இன்னும் இத்தனை காதம் என எண்ணால் எழுதியதோடு, எழுத்தறியாதார் கையால் தடவியே அறியும்படி எண்ணிக்கையைக் குழிகளாகவும் வெட்டிவைத்தனர். சாலைக் குறியீடு என்பதன் பயனை இதனினும் நன்கு உணர்ந்தோர் யாவர்?

நிகமத்தாரின் வழி கடற்கரையோடு நிற்கவும் இல்லை. மலாய்த் தீபகற்பத்தின் வடபகுதியில், இன்று தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் உள்ள குவான் லுக் பட் என்னும் இடத்தில் ஒரு சிறிய உரைகல் கிடைத்தது. பொன்னை உரைத்துப் பார்க்கும் அக்கல்லில் 'பெரும்பத்தன் கல்' எனத் தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்டுள்ளது. கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டினது என்பர். அழகர்மலையின் ஆதன் ஆதனுக்கும் கருவூர் நத்திக்கும் தொழில்முறையில் உறவினன் ஒருவன் கடல் கடந்து வந்து, தன் கருவியைப் பிறர் எடுத்துச் செல்லாதபடி பெயர் எழுதிவைத்திருக்கின்றான். ஒன்பதாம் நூற்றாண்டில் அதே தீபகற்பத்தின் தக்குவா பாவில் அவனிநாரணம் என்னும் குளத்தைக் காக்கும் பொறுப்பை மணிக்கிராமத்தார் ஏற்றதைத் தமிழ்க் கல்வெட்டு கூறுகின்றது. சுமத்திராவின் பாரூசில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழுவினுடையது. குழுவின் பெயர் காலந்தோறும் மாறியது. ஊரைக் கடந்து சென்று பெயரைப் பொறித்துவைக்கும் பழக்கம் மாறவில்லை.

ஜொகூர் வாழ்வோர் இத்தகைய பழைய வழியொன்றைக் காண வேண்டுமாயின் கடல் கடக்க வேண்டியதில்லை. பண்டார் மகாராணி அருகே கடலில் கலக்கும் மூவார் ஆறும் ஒரு பெருவழியே. படகுகள் அதன்வழி உள்நாட்டுக்கு ஏறி, நெகிரி செம்பிலானில் ஜெம்போல் ஆற்றை அடையும். அங்கிருந்து செர்த்திங் ஆறு மிக அண்மையில் உள்ளது. இடைப்பட்ட சிறு நிலத்தில் படகைக் கரையேற்றி இழுத்துச் சென்று மறு ஆற்றில் இறக்கினால் பகாங் ஆற்றின் வழியே கீழைக்கடலை அடையலாம். இழுத்துச் செல்லும் இடம் என்ற பொருளிலேயே அதற்குப் பெனாரிக்கான் என்று பெயர். 1511-இல் மலாக்கா போர்த்துகீசியரிடம் வீழ்ந்தபின் சுல்தான் மாமுட் ஷா மூவார் வழியாகவே பகாங் சென்றார். உமணர் கொண்டுசென்ற சேம அச்சுக்கும் படகை இழுத்த தோள்களுக்கும் தேவை ஒன்றே. வழி நடுவில் நின்றுவிடக் கூடாது. மூவார்க் கரையில் நாள்தோறும் நடந்துசெல்வோரில் எத்தனை பேர் அதை ஒரு பழைய நெடுஞ்சாலை என்று அறிவர்? மேலூர்ச் சாலையில் செல்வோரின் நிலையும் அதுவே.

அறியாமையினும் பெரிய இடர் வேறொன்று உண்டு. இரண்டாயிரம் ஆண்டு மழையும் வெயிலும் அழிக்காத எழுத்தை ஒரு வெடிமருந்துக் குழி ஒரு நொடியில் அழித்துவிடும். மேலூர் வட்டாரத்துக் கருங்கல் உலகச் சந்தையில் விலைபோவது. கீழவளவைச் சுற்றிக் குன்றுகள் பாளம் பாளமாக அறுக்கப்பட்டு ஏற்றுமதியாயின. அங்கு நடந்த கல்வெட்டு முறைகேடுகள் 2012-இல் வெளிப்பட்டுப் பெரும் பரபரப்பை உண்டாக்கின. கல்வெட்டு என்ற ஒரே சொல் வரலாற்று ஆவணத்தையும், அதை அழிக்கும் தொழிலையும் குறிக்க நேர்ந்தது தமிழின் கசப்பான சிலேடை.

அரிட்டாபட்டியும், மாங்குளக் கல்வெட்டுகள் அமைந்த மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலப்பரப்பைத் தமிழக அரசு 2022 நவம்பரில் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. தமிழகத்தில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் இடம் அதுவே. பருந்தும் வல்லூறும் கூடுகட்டும் குன்றுகள், அவற்றின் அடியில் மழைநீர் தேக்கும் ஏரிகள், அவ்வேரிகளை நம்பிய வயல்கள் ஆகியவற்றோடு கற்படுக்கைகளும் அதனுள் அடங்கின. ஆயினும் ஈராண்டு கழிந்து 2024 நவம்பரில், அப்பகுதியையும் உள்ளிட்ட ஏறத்தாழ 2,015 ஹெக்டேர் நிலத்தில் டங்ஸ்டன் எடுக்கும் உரிமையை இந்திய நடுவண் அரசு ஏலத்தில் ஒரு நிறுவனத்திற்கு அளித்தது. டங்ஸ்டன் வேண்டாத பொருள் அன்று. பாறையைத் துளைக்கும் கருவிகளின் முனைக்கே அது தேவைப்படுகிறது. ஆனால் அதனை எடுப்பதற்கு வெள்ளறை நிகமத்தார் பெயரெழுதிய குன்றின் அடிவாரந்தான் கிடைத்ததா என்று அவ்வூர் மக்கள் கேட்டனர். டிசம்பரில் தமிழகச் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரி 7-ஆம் நாள் மேலூர் வணிகர் கடைகளை அடைத்தனர். சுற்றியுள்ள ஊர்களின் உழவரும் பெண்டிரும் திரண்டு, பழைய பெருவழியாகிய அதே சாலையில் மதுரை நோக்கி நடந்தனர். அம்மாதம் 23-ஆம் நாள் அந்த ஏலம் நீக்கப்பட்டது.